மனசுக்கு என்ன பத்தியம்?



போன வாரம் பிரசவ லேகியம் கிளறுகிற பக்குவத்தை எழுதியிருந்தேன். சுக்கு எவ்வளவு, திப்பிலி எவ்வளவு, கருப்பட்டியா வெல்லமா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரு பெண் மட்டும் தனியாக எழுதியிருந்தாள். "டீச்சர், உடம்புக்கு எல்லாம் சொன்னீங்க. மனசுக்கு என்ன பத்தியம்?" குழந்தை பிறந்து நாலு மாதமாம். அவளோடு போனில் பேசிவிட்டேன். அவளைப் பற்றி இங்கே எதுவும் எழுதப் போவதில்லை. அவள் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து 34 ஆண்டுகள் ஆரம்பப் பள்ளியில் பாடம் எடுத்தவள். ஆனால் இந்த நோய் எனக்கு வந்து போயிருக்கிறது. அதன் பிறகு இதைப் பற்றிக் கண்ணில் பட்டதையெல்லாம் படித்து வைத்திருக்கிறேன். அந்த இரண்டு தகுதியில் எழுதுகிறேன்.

பிரசவித்த பெண்ணின் உடம்பை நம் வீடுகள் நன்றாகவே பார்த்துக்கொள்கின்றன. வெந்நீர் ஊற்றுவது, சாம்பிராணிப் புகை போடுவது, பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, காதில் பஞ்சு, தலையில் துணி என்று எத்தனை ஏற்பாடு! முதல் 40 நாள் அவளைத் தரையில் காலை வைக்க விடமாட்டார்கள். ஆனால் அந்த 40 நாளில் வருகிற அத்தனை பேரும் கேட்கிற கேள்விகளை எண்ணிப் பாருங்கள். பால் இருக்கா? குழந்தை ராத்திரி தூங்குதா? யார் ஜாடை? தையல் ஆறிடுச்சா? "நீ எப்படி இருக்கே?" என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. கேட்டாலும் பதிலுக்குக் காத்திருக்காமல் தொட்டில் பக்கம் திரும்பிவிடுவார்கள்.

இனி என் கதை. 1988-இல் எனக்கு இரண்டாவது பெண் பிறந்தாள். முதலாவதும் பெண். "ரெண்டாவதும் பொண்ணா?" என்ற கேள்வி ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆரம்பித்துவிட்டது. அப்போதெல்லாம் எங்களுக்கு மூன்று மாதம்தான் பிரசவ விடுப்பு. அம்மா வீட்டில் இருந்தவரை பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. மாமியார் வீட்டுக்கு வந்து, பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்த பிறகுதான் வந்தது.

எப்படி வந்தது என்று சொல்கிறேன், உங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்த்துப் புரிந்துகொள்ள உதவும். குழந்தை அழும். அது பக்கத்து வீட்டுக் குழந்தை அழுவது போல எனக்குக் கேட்கும். எழுந்து போய்த் தூக்குவேன், பால் கொடுப்பேன், துணி மாற்றுவேன். எதையும் குறைவைக்கவில்லை. ஆனால் மனசில் ஒன்றுமே இருக்காது. சந்தோஷமும் இல்லை, அழுகையும் இல்லை. எல்லாரும் தூங்கிய பிறகு ராத்திரி இரண்டு மணி, மூன்று மணி வரைக்கும் சுவர்க் கடிகாரம் அடிப்பதை எண்ணிக்கொண்டு கிடப்பேன். காலையில் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது, இரண்டு வருஷமாகத் தெரிந்த பிள்ளையின் முகத்தைப் பார்ப்பேன், பெயர் வராது. அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் நான் இல்லாமல் இருந்தால்தான் நல்லது என்ற நினைப்பு மெல்ல வந்து உட்கார்ந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொன்னார்கள். பெண் குழந்தை என்று மனசு விட்டுப்போச்சு என்றார்கள். வேலைக்குப் போகிற திமிர் என்றும் ஒருவர் சொன்னார். என் மாமியார், பாவம், மந்திரித்த கயிறு ஒன்று வாங்கிவந்து கையில் கட்டினார். அக்கறையோடுதான் கட்டினார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது.

பள்ளிக்கூடத்தில் எனக்கு மூத்த டீச்சர் ஒருவர் இருந்தார். ஒருநாள் மதிய இடைவேளையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குழந்தையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ஏம்மா, பாப்பா தூங்கும்போது உனக்குத் தூக்கம் வருதா?" என்றுதான் கேட்டார். "வரலக்கா" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதும் அடக்க முடியாமல் அழுதுவிட்டேன். சனிக்கிழமை அவரே என்னைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனார்.

முதலில் பார்த்த டாக்டர் "எல்லாருக்கும் இருக்கிறதுதான்" என்று சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். அக்கா விடவில்லை. இன்னொரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனார். அவர் முழுசாகக் கேட்டார், ரத்தம் பரிசோதித்தார், மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதினார். அந்தப் பிரிவின் வாசலில் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது நன்றாக நினைவிருக்கிறது. ஊரில் யாராவது பார்த்தால் டீச்சருக்குப் பைத்தியம் என்று ஆகிவிடுமே என்ற பயம்.

மாத்திரை கொடுத்தார்கள். வேலை செய்ய ஆரம்பிக்கவே இரண்டு மூன்று வாரம் ஆகும், நடுவில் நிறுத்தக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். என் வீட்டுக்காரரையும் அடுத்த முறை கூப்பிட்டுப் பேசினார்கள். அன்றிலிருந்து ராத்திரி பத்து மணிக்குப் பால் கொடுத்ததும் அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவார். இரண்டு மணி வரை அவர் பொறுப்பு. ஒரு மாதம் கழித்து வகுப்பில் ஒரு பையன், நான் கேட்ட கேள்விக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு பதில் சொன்னான். நான் சிரித்தேன். சிரித்த பிறகுதான், சிரித்து எத்தனை மாதம் ஆயிற்று என்று தோன்றியது. முழுசாகச் சரியாக எட்டு மாதம் ஆனது.

இதை எழுதலாமா என்று அந்த இரண்டாவது பெண்ணிடமே கேட்டேன். அவளுக்கே இப்போது இரண்டு பிள்ளைகள். "எழுதும்மா, நாலு பேருக்குப் பிரயோஜனப்படும்" என்றாள்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பிரசவத்துக்குப் பின் மனசுக்கு வருவதை மூன்றாகப் பிரித்துச் சொல்கிறார்கள். மூன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதலாவது, பிறந்த மூன்றாம் நாள், நாலாம் நாள் வாக்கில் வருகிற அழுகை. காரணமில்லாமல் கண்ணீர் வரும், சட்டென்று கோபம் வரும், அடுத்த நிமிஷம் சரியாகிவிடும். பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு இது உண்டு. இரண்டு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். தூக்கமும் ஆறுதலும் போதும்.

இரண்டாவது, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. எனக்கு வந்தது இதுதான். இரண்டு வாரம் தாண்டியும் போகாது. சிலருக்குக் கர்ப்பத்திலேயே தொடங்கிவிடும், சிலருக்கு ஆறு மாதம் கழித்துக்கூட வரும். தூக்கம் வராது, பசி இருக்காது, எதிலும் பிடிப்பு இருக்காது. "நான் நல்ல அம்மா இல்லை" என்ற எண்ணம் அரித்துக்கொண்டே இருக்கும். நம் பெண்கள் பலர் "மனசு சரியில்லை" என்று சொல்லமாட்டார்கள். தலைவலி, உடம்புவலி, நெஞ்சு படபடப்பு, கை கால் அசதி என்றுதான் சொல்வார்கள். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ, கை தவறிப் போட்டுவிடுவோமோ என்று பயமுறுத்துகிற காட்சிகள் சிலருக்கு மனசில் வந்துகொண்டே இருக்கும். அப்படி வந்தால் அவள் கெட்டவள் என்று அர்த்தமில்லை. அந்த எண்ணத்தைக் கண்டு அவளே நடுங்குகிறாள். அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, மனநிலை பிறழ்வு. ஆயிரம் பிரசவத்தில் ஒன்று இரண்டு பேருக்கு வருவது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் சட்டென்று வரும். தூங்கவே மாட்டாள், தொடர்பில்லாமல் பேசுவாள், இல்லாத குரல் கேட்கிறது என்பாள், குழந்தையைப் பற்றி விபரீதமாக ஏதாவது சொல்வாள். இது அவசர நோய். நல்ல நாள் பார்க்காதீர்கள், கோயில் குளம் என்று அலையாதீர்கள். தாயையும் குழந்தையையும் தனியாக விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். சிகிச்சை செய்தால் குணமாகிறவர்களே அதிகம்.

மனச்சோர்வு எத்தனை பேருக்கு வருகிறது? இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளை, 20,000-க்கும் அதிகமான தாய்மாரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து 2017-இல் ஒரு கட்டுரை வெளியானது. அதன்படி 22 சதவீதம். வகுப்புக் கணக்கில் சொன்னால், ஐந்து தாய்மாரை வரிசையாக நிற்க வைத்தால் அதில் ஒருத்தி.

ஏன் வருகிறது என்பதற்கு ஒரே காரணம் கிடையாது. நஞ்சுக்கொடி விழுந்ததும் உடம்பில் ஈஸ்ட்ரோஜென், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் மளமளவென்று இறங்கிவிடுகின்றன. அதோடு தூக்கக் குறைவு. ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இதே மாதிரி அசதியைக் காட்டும், ஆகவே ரத்தப் பரிசோதனை அவசியம். முன்பே மனச்சோர்வு வந்தவர்களுக்கு மறுபடி வர வாய்ப்பு அதிகம். மற்ற காரணங்கள் வீட்டுக்குள் இருக்கின்றன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண்களைக் கர்ப்பகாலத்தின் கடைசியிலிருந்து தொடர்ந்து பார்த்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில் வந்த காரணங்களைக் கேளுங்கள்: குறைந்த வருமானம், ஆண் வேண்டுமென்று எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கர்ப்பத்தின்போது நடந்த துயரங்கள், கூடமாட உதவ ஆள் இல்லாதது. இதில் பாதியை மாத்திரை மாற்றாது. வீட்டில் இருப்பவர்கள்தான் மாற்ற முடியும். "அடுத்தது பையனாப் பொறக்கும்" என்று ஆறுதல் சொல்கிறவர்கள் தயவுசெய்து அந்த வாக்கியத்தை விட்டுவிடுங்கள். அது ஆறுதல் அல்ல.

சிகிச்சை என்றதும் பயப்பட வேண்டாம். லேசான, நடுத்தரமான மனச்சோர்வுக்கு முறையான மனநல ஆலோசனையே பல நேரம் போதும். பாகிஸ்தானில் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில் ஒரு முயற்சி நடந்தது. மனநல மருத்துவர்கள் யாரும் போகவில்லை. அங்கே வீடு வீடாகப் போகிற சுகாதாரப் பணிப்பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் மனச்சோர்வு இருந்த கர்ப்பிணிகளை வீட்டுக்குப் போய்ப் பார்த்து, பிரசவத்துக்குப் பிறகும் விடாமல் பார்த்து, குறிப்பிட்ட முறையில் பேசினார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது அந்தப் பெண்களில் 23 சதவீதத்தினருக்குத்தான் மனச்சோர்வு இருந்தது. அப்படிப் பேச ஆளில்லாத ஊர்களில் 53 சதவீதம். 2008-இல் வெளியான முடிவு இது. பிறகு கோவாவிலும் இதே முறையை ஊர்ப்பெண்களை வைத்தே செய்து பார்த்தார்கள். முறையாகப் பழகிய ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை, அதுவும் வைத்தியம்தான்.

கடுமையாக இருந்தால் மாத்திரை வேண்டும். "பால் கொடுக்கிறவள் மாத்திரை சாப்பிடலாமா?" என்பது எல்லாரும் கேட்கிற கேள்வி. செர்ட்ராலின் போன்ற சில மாத்திரைகள் தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கின்றன. பால் கொடுத்துக்கொண்டே எடுக்கலாம் என்று டாக்டர்களே தருகிறார்கள். எது, எவ்வளவு என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நன்றாகிவிட்டது என்று நாமாக நிறுத்தவும் கூடாது.

இன்னொரு பயம், "ஆஸ்பத்திரியில் சேர்த்தால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களே" என்பது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலச் சிகிச்சைக்குச் சேரும் தாயிடமிருந்து மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. குழந்தைக்கு ஆபத்து என்று டாக்டர் கருதினால் மட்டுமே தற்காலிகமாகப் பிரிக்கலாம். பெங்களூரு நிம்ஹான்ஸில் தாயும் குழந்தையும் சேர்ந்தே தங்குகிற தனிப் பிரிவு 2009-இலிருந்து நடக்கிறது.

இப்போது வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். எனக்கு இதில் ஒரு யோசனை உண்டு.

எடின்பரோ அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. 1987-இல் ஸ்காட்லாந்தில் உருவாக்கியது, தமிழிலும் வந்திருக்கிறது. மொத்தம் பத்தே கேள்விகள், கடந்த ஏழு நாளைப் பற்றி. நான் அதைப் பல வருஷம் கழித்துத்தான் பார்த்தேன். முதல் கேள்வி அழுகையைப் பற்றி இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, சிரிக்க முடிகிறதா என்பதைப் பற்றி! என் வகுப்பில் நான் சிரித்த நாள் ஞாபகம் வந்தது. கடைசிக் கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்பது. மதிப்பெண் போட்டுப் பார்ப்பது மருத்துவப் பணியாளர்களின் வேலை. ஆனால் கேட்பதற்கு நமக்கு யார் தடை?

எப்போது கேட்பது? நாள் குறிக்க வேண்டியதே இல்லை, ஏற்கெனவே குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுங்கள். ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினாலாவது வாரம், ஒன்பதாவது மாதம். அந்தப் புதன்கிழமைகளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எப்படியும் சுகாதார நிலையத்துக்குப் போகத்தான் போகிறோம். அன்றைக்கே தாயையும் கேட்டுவிடுங்கள்.

பாப்பா தூங்கும்போது உனக்குத் தூக்கம் வருதா?

இந்த வாரத்துல மனசு விட்டு எப்பவாவது சிரிச்சியா?

பயமுறுத்துற மாதிரி நினைப்பு ஏதாவது வருதா? செத்துடலாம்னு தோணுதா?

மூன்றாவது கேள்வியைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாகிவிடுமோ என்று தயங்க வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. உள்ளுக்குள் வைத்துப் புழுங்குகிறவளுக்கு, கேட்டதும் பாரம்தான் குறைகிறது. பதில் சரியில்லை என்றால் அங்கேயே கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள்.

அட்டையைக் கவனித்தீர்களா? பதினாலாவது வாரத்துக்குப் பிறகு ஒன்பதாவது மாதம் வரை இடைவெளி. நம் வழக்கத்தில் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ சீர் வைத்துப் பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புவதும் அந்த இடைவெளியில்தான். அதுவரை குழந்தையைத் தூக்க, துணி துவைக்க அம்மா இருப்பாள். அங்கே போன மறுநாளே வேலைகள் எல்லாம் அவள் தலையில். எனக்கு வந்ததும் அந்த வாரங்களில்தான். ஆகவே அட்டையில் இல்லாத ஒரு தேதியை நீங்களே பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்: புகுந்த வீட்டுக்குப் போன பதினைந்தாம் நாள். பெண்ணைப் பெற்ற அம்மாக்கள் அன்று நேரில் போய்ப் பாருங்கள். போனில் "நல்லா இருக்கேம்மா" என்றுதான் சொல்வாள், பக்கத்தில் ஆள் இருக்கும்.

மாமியார்களுக்கும் ஒரு வார்த்தை. நானும் மாமியார்தான். "நாங்க அஞ்சு பெத்தோம், வயல் வேலையும் பார்த்தோம்" என்று சொல்லாதீர்கள். அந்த ஐந்தையும் பெற்றபோது நமக்கு எப்படி இருந்தது என்பதை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். பலகாரம் செய்துகொடுப்பதைவிட நாலு மணிநேரம் சேர்ந்தாற்போலத் தூங்கவிடுவது பெரிய உதவி. கணவன்மார்கள் ஒரு வேளைப் பாலைப் பொறுப்பேற்கலாம், பால் எடுத்து வைத்தால் பாலாடையிலோ கரண்டியிலோ யாரும் புகட்டலாம். சாயங்காலம் குழந்தையை வைத்துக்கொண்டு அவளை அரை மணிநேரம் காலாற நடந்துவரச் சொல்லலாம்.

இதைப் படிக்கிற தாய்க்கு: நீ குழந்தையைச் சரியாகப் பார்க்கவில்லை என்பதல்ல விஷயம். உனக்கு உடம்பு சரியில்லை, அவ்வளவுதான். உன்னிடம் அன்பு இல்லாமல் போகவில்லை, அதை உணர விடாமல் நோய் மறைக்கிறது. நோய் போனால் அன்பு தெரியும். எனக்குத் தெரிந்தது. நம்பிக்கையான ஒருவரிடம் இன்றைக்கே சொல். யாரும் இல்லையென்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிடு. இலவசம், இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழில் பேசுவார்கள். தமிழ்நாட்டில் 104-க்கும் கூப்பிடலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் தனியாக இருக்காதே, பக்கத்தில் இருப்பவரை உடனே கூப்பிடு. அவசரம் என்றால் 108.

மற்றவர்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன், டீச்சர் புத்தி போகாதே! உங்கள் தெருவில், உறவில், கடந்த ஒரு வருஷத்தில் பிள்ளை பெற்ற பெண்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். இந்த வாரம் அவர்களில் ஒருத்தியையாவது போய்ப் பாருங்கள். குழந்தையைக் கொஞ்சுவதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, முதலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தூக்கம் வருதாம்மா என்று கேளுங்கள். பதில் சொல்லும்வரை எழுந்திருக்காதீர்கள்.